மறுப்பதென்றால் காரணத்தை எழுதுங்கள்: நீதி அமைச்சருக்குத் திருக்கோவிலிலிருந்து ஒரு திறந்த மடல்

கௌரவ நீதி அமைச்சர் அவர்களுக்கும், கைதிகளின் முன்கூட்டிய விடுதலையைத் தீர்மானிக்கும் சபையினருக்கும்,

என் தம்பியை அனுமதிப்பத்திரத்தில், அதாவது தண்டனை முடியுமுன் நிபந்தனையோடு, விடுவிக்கக் கேட்ட விண்ணப்பம் மறுபடியும் நிராகரிக்கப்பட்டிருக்கிறது. வந்த கடிதத்தில் ஒரே ஒரு வரி, அதுவும் சிங்களத்தில். எங்கள் தெருவில் சிங்களம் வாசிக்கத் தெரிந்தவர் இல்லை. பஸ் தரிப்பிடத்துக் கடைக்காரர் ஒருவர்தான் வாசித்துச் சொன்னார்: தற்போது பரிந்துரைக்க முடியாதாம். ஏன் முடியாது என்று இல்லை. எந்த அறிக்கையை வைத்து முடிவெடுத்தார்கள் என்று இல்லை. இனி எப்போது கேட்கலாம் என்றும் இல்லை. இதைப் பேசாமல் மடித்துப் பெட்டிக்குள் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

தம்பி செய்தது சின்னக் குற்றமில்லை. வளவு எல்லைச் சண்டையில் கைகலப்பு முற்றி ஒரு மனிதர் இறந்துபோனார். மேல் நீதிமன்றம் அதைக் கைமோசக் கொலை என்று கண்டு 15 வருடச் சிறை விதித்தது. அந்தத் தீர்ப்பைப் பற்றி எனக்கு ஒரு முறைப்பாடும் கிடையாது. இறந்தவரும் எங்கள் ஊர்க்காரர்தான். அவருடைய தாயை நான் கோவிலிலும் சந்தையிலும் காண்கிறேன். அவ இழந்ததை யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது என்று தெரிந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன்.

என் கேள்வி தீர்ப்புக்குப் பிறகு நடப்பதைப் பற்றியது. தண்டனையின் பெரும்பகுதியைக் கழித்த ஒருவரை நிபந்தனையோடு வெளியே விடலாமா என்று பார்க்கும் ஏற்பாடு நம் சிறைகளில் பல பத்தாண்டுகளாக உண்டு. உள்ளே இருப்பவர்கள் அதை லைசன்ஸ் என்பார்கள். வீட்டு விடுமுறை, வெளியே போய் வேலை செய்யும் திட்டம், திறந்தவெளிச் சிறை முகாம் எல்லாம் காகிதத்தில் இருக்கின்றன. வெளிநாட்டில் பரோல் என்று சொல்வதன் பாதி நம்மிடமும் உண்டு. இல்லாதது என்னவென்றால், யாருக்கு, எப்போது, என்ன அளவுகோலில் என்று ஒரு கைதியோ அவருடைய வீட்டாரோ வாசித்து அறிந்துகொள்ளக்கூடிய ஒரு சட்டம். சிறைகளுக்கான அடிப்படைச் சட்டம் இன்னும் 1877ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம்தான். அதன் மேல் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு ஓட்டுகிறோம்.

விண்ணப்பம் எப்படி நகர்ந்தது என்பதைச் சொல்கிறேன். சிறையிலிருந்து கோப்பு வெளிக்கிட்டதும் வீட்டு நிலைமை பற்றி ஓர் அறிக்கை கேட்பார்கள், பொலிஸ் அறிக்கை ஒன்று கேட்பார்கள். கிராம சேவகர் கையெழுத்து, பொறுப்பெடுப்பவரின் உறுதிமொழி, வேலை கொடுப்பதாக ஒருவருடைய கடிதம், எல்லாவற்றையும் நாங்கள் கொடுத்தோம். தம்பி உள்ளே தச்சு வேலை பழகியிருக்கிறான். தம்பிலுவிலில் தளபாடம் செய்யும் ஒருவர் அவனை எடுக்கத் தயார் என்று எழுதித் தந்தார். பொலிஸ்காரர் இருவர் வந்து வாசலில் நின்று பத்து நிமிடம் கதைத்துவிட்டுப் போனார்கள். மறுகா மாதக்கணக்கில் ஒரு சத்தமும் இல்லை. கேட்டால் கோப்பு மேலே போய்விட்டது என்பார்கள். மேலே கேட்டால் கீழேயிருந்து இன்னும் வரவில்லை என்பார்கள். கடைசியில் ஓர் உத்தியோகத்தர், எழுத்தில் தர முடியாது என்று சொல்லிவிட்டு, வாயால் ஒன்று சொன்னார்: அறிக்கை சாதகமாக இல்லை, ஊரில் எதிர்ப்பு இருக்கிறதாம்.

யாருடைய எதிர்ப்பு? எதிர்க்க உரிமையுள்ள ஆள் ஒருவர் இருக்கிறாரென்றால் அது இறந்தவரின் தாய்தான். நான் அவவிடம் போனேன். போவதற்கு எனக்குக் கால் கூசியது, ஆனாலும் போனேன். அவ சொன்னது இவ்வளவுதான்: "என்னட்ட ஒருத்தரும் வந்து கேக்கல்ல மகள். அவன் வரப்போறானா இல்லையா எண்டும் எனக்கு ஒருத்தரும் சொல்லல்ல." தம்பி வருவதை அவ விரும்புகிறாவா இல்லையா என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்க வேண்டியவள் நானில்லை. கேட்க வேண்டிய அரசாங்கம் கேட்கவில்லை. ஆனால் ஊரின் பெயரால் அவவுக்கும் சேர்த்து யாரோ ஒருவர் பதில் எழுதிவிட்டார். இரண்டு குடும்பங்களையும் ஒரே மாதிரி இருட்டில் வைத்திருக்கும் ஒரு முறையால் யாருக்கு என்ன பாதுகாப்பு?

இங்கிலாந்தில் பரோல் சபை 1967ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவானது. அதுவும் நெடுங்காலம் காரணத்தை வெளியில் சொல்லாமலேதான் நடந்தது. 2018இல், பல பெண்களைப் பாதித்த ஒரு வாடகைக் கார் சாரதியை விடுவிக்க அந்தச் சபை எடுத்த முடிவைப் பாதிக்கப்பட்ட பெண்களே நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். முடிவு தள்ளுபடியானது. காரணங்களை வெளியிடவே கூடாது என்றிருந்த விதியும் சட்டவிரோதம் என்று தீர்ப்பானது. இப்போது அங்கே பாதிக்கப்பட்டவர்கள் முடிவின் சுருக்கத்தைக் கேட்டுப் பெறலாம். காரணத்தை எழுதச் சொல்வது கைதிக்குச் சலுகை காட்டச் சொல்வதாகச் சிலர் நினைக்கிறார்கள். அந்தக் கதவைத் திறந்தவர்கள் பாதிக்கப்பட்ட பெண்கள் என்பதை அவர்களுக்கு ஞாபகப்படுத்துகிறேன்.

தமிழ்நாட்டில் பரோல் என்றால் தற்காலிக விடுப்பு. அதற்கு 1982ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. அவசர விடுப்பு எது, சாதாரண விடுப்பு எது என்று அவை சொல்கின்றன. மறுத்தால் அந்த விதியைக் காட்டி வழக்குப் போடுகிறார்கள். நமக்கு எதைக் காட்டி வழக்குப் போடுவது?

எங்கள் அம்மா நோயில் விழுந்தபோது, ஒரு தரம் மகனைக் காட்டிவிடுங்கள் என்று கெஞ்சி எழுதினோம். வைத்தியசாலைக் கடிதமும் வைத்தோம். பதில் வந்தது அம்மா இறந்து எட்டாம் நாள் சடங்கும் கழிந்த பிறகு. 2018 மார்ச்சில் கிளிநொச்சியில், மனைவியின் இறுதிச் சடங்குக்குச் சில மணிநேரம் கூட்டிவரப்பட்ட ஓர் ஆயுள் கைதியின் பின்னால் அவருடைய சின்ன மகள் சிறை வாகனத்தில் ஏறப்போன படத்தை நாடே பார்த்தது. எல்லோரும் அழுதோம். அப்புறம் எந்த விதி மாறியது? ஐக்கிய நாடுகள் சபை 2015இல் ஏற்றுக்கொண்ட மண்டேலா விதிகளில் 70ஆவது, நெருங்கிய உறவினர் கடும் நோயில் கிடந்தாலோ இறந்தாலோ, சூழ்நிலை இடங்கொடுக்கும்போதெல்லாம் கைதியைப் போக அனுமதிக்க வேண்டும் என்கிறது. 59ஆவது, இயன்றவரை வீட்டுக்குக் கிட்டிய சிறையில் வைக்க வேண்டும் என்கிறது. தம்பி இருப்பது தூரத்துச் சிறை ஒன்றில். அக்கரைப்பற்றுக்குப் போய், இரவு பஸ் பிடித்து, விடிய இறங்கி, வரிசையில் நின்று, கம்பி வலைக்கு இந்தப் பக்கம் கத்திப் பேசிவிட்டுத் திரும்ப வேண்டும். கூலிக்குப் போகிற வீட்டில் அதற்கு ஒவ்வொரு முறையும் கடன்தான். மட்டக்களப்புச் சிறை என்றாலும் எங்களுக்கு எழுபது கிலோமீற்றருக்கு மேல். ஆனால் காலையில் போய்ப் பின்னேரம் திரும்பலாம். வீட்டாரோடு தொடர்பு அறுந்துபோன ஒருவன் வெளியே வந்தால் எங்கே போய் நிற்பான் என்பதை யோசித்துத்தானே இடத்தைத் தீர்மானிக்க வேண்டும்?

சட்டத்தால் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டு, பண்டிகை நாட்களில் மன்னிப்பு வழங்குவதை ஒரு முறையாக்கி வைத்திருக்கிறீர்கள். சுதந்திர தினம், வெசாக், நத்தார் என்று பட்டியல்கள் வருகின்றன. அரசியலமைப்பின் 34ஆவது உறுப்புரை சனாதிபதிக்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது, சரி. அது எப்படிப் பாவிக்கப்பட்டது என்று பாருங்கள். யாழ்ப்பாண மாவட்டத்து மிருசுவிலில் 2000ஆம் ஆண்டு டிசம்பரில் சிறுவர்கள் உட்பட எட்டுப் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் 2015இல் மரண தண்டனை விதிக்கப்பட்ட இராணுவச் சிப்பாய் 2020 மார்ச்சில் மன்னிக்கப்பட்டு வெளியே வந்தார். இறந்தவர்களின் வீட்டாரை யாரும் கேட்கவில்லை. 2021இல் ஒரு முன்னாள் பாராளுமன்ற உறுப்பினருக்குக் கொடுத்த மன்னிப்பை 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. றோயல் பார்க் அடுக்குமாடியில் ஓர் இளம்பெண்ணைக் கொன்ற கைதிக்கு 2019இல் கொடுத்த மன்னிப்பையும் 2024 ஜூனில் அதே நீதிமன்றம் ரத்துச் செய்தது. 2025 வெசாக்கின்போது பட்டியலில் பெயரே இல்லாத ஒருவர் அநுராதபுரச் சிறையிலிருந்து வெளியே போனார். அந்த விசாரணையில் சிறைச்சாலைகள் ஆணையாளர் நாயகமே கைதானார்.

இவற்றைப் பழி தீர்க்க அடுக்கவில்லை. விதியில்லாத இடத்தில் செல்வாக்கு விதியாகிவிடும் என்பதற்கு நம் நாட்டின் பதிவுகளே போதும் என்று காட்டவே சொல்கிறேன். செல்வாக்கு இல்லாதவர்கள் பட்டியலுக்காகக் காத்திருக்கிறார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், 2009க்கு முன்பு நடந்தவற்றுக்காகத் தண்டிக்கப்பட்டு இன்னும் உள்ளே கிடப்பவர்களின் தாய்மார் ஒவ்வொரு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்பதை நான் கண்டிருக்கிறேன். மரண தண்டனை விதிக்கப்பட்டவர்களோ, 1976க்குப் பிறகு யாருமே தூக்கிலிடப்படாத நாட்டில், எந்தத் திகதியும் இல்லாமல் வயதாகிக்கொண்டிருக்கிறார்கள்.

சபைகளும் பிழை விடும். பரோல் சபையில் எவ்வளவு நல்லவர்களை இருத்தினாலும், ஒரு மனிதன் இனி என்ன செய்வான் என்று சொல்ல அவர்களுக்குச் சாத்திரம் தெரியாது. அமெரிக்க மத்திய அரசு 1984இல் தன் பரோல் முறையையே சட்டம் போட்டு நிறுத்தி, நிலையான தண்டனையும் பிறகு மேற்பார்வையும் என்று மாற்றியது. கனடாவில் மத்திய சிறைகளிலுள்ள பெரும்பாலோர் தண்டனையில் மூன்றில் இரண்டு பங்கு முடிந்ததும் சட்டப்படியே வெளியே வந்து, மீதிக் காலத்தைக் கண்காணிப்பின் கீழ் ஊரில் கழிக்கிறார்கள். என் அபிப்பிராயம் இதுதான்: குறித்த வருடத் தண்டனை பெற்றவருக்கு வெளியே வரும் திகதியைச் சட்டமே சொல்லட்டும். அது தள்ளிப்போக வேண்டுமென்றால் சிறைதான் காரணம் காட்டட்டும். ஆயுள் கைதிகளுக்கும் மரண தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டவர்களுக்கும் மட்டும் சபை இருக்கட்டும். அங்கே கைதி நேரில் பேசவும், பாதிக்கப்பட்ட குடும்பம் விரும்பினால் பேசவும் இடமிருக்கட்டும். இப்போது எல்லோரும் ஒரே வாசலில் நெரிபடுவதால்தான் கோப்புகள் அசையாமல் கிடக்கின்றன.

அந்த வாசலுக்கே வரக்கூடாத ஒரு கூட்டமும் உள்ளே இருக்கிறது.

எங்கள் பகுதிப் பெண் ஒருத்தி, புருஷன் விட்டுப்போய் மூன்று பிள்ளைகளோடு இருந்தவள், கசிப்பு என்கிற கள்ளச் சாராயம் விற்றுப் பிடிபட்டாள். நீதிமன்றம் போட்டது தண்டப் பணம். அதைக் கட்டக் காசில்லை. மறியலுக்குப் போனாள். பிள்ளைகள் மூன்று வீடுகளுக்குப் பிரிந்து போனார்கள். மூத்தவள் பள்ளிக்கூடத்தை விட்டாள். நீதவான் அவளைச் சிறைக்கு அனுப்ப வேண்டும் என்று நினைத்திருந்தால் சிறை என்றே தீர்ப்புச் சொல்லியிருப்பார். அவர் நினைத்தது தண்டப் பணம். காசில்லாததுதான் அவளை உள்ளே போட்டது. 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம் இதற்கென்றே வந்தது. சிறு குற்றங்களுக்குச் சிறைக்குப் பதிலாக ஊரிலேயே சம்பளமில்லாத வேலையும் ஆலோசனையும் மேற்பார்வையும் கட்டளையிடலாம். அதற்கென ஒரு திணைக்களமே இருக்கிறது. திருக்கோவிலில் கூட்ட வேண்டிய பள்ளிக்கூட வளவும், தூர் வார வேண்டிய வாய்க்காலும் இல்லையா? அந்தப் பெண் காலையில் வேலையைச் செய்துவிட்டுப் பின்னேரம் பிள்ளைகளுக்குச் சோறு சமைத்திருப்பாள். அரசாங்கத்துக்கு அவளை வைத்துச் சாப்பாடு போடும் செலவும் மிஞ்சியிருக்கும்.

இளைஞர்களின் கதை வேறு. கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் ஐஸ் போதைப்பொருள் பழக்கம் எப்படிப் பரவியிருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாவித்த பிள்ளையும் பிடிபடுகிறான், விற்றவனும் பிடிபடுகிறான், இரண்டு பேரும் ஒரே விளக்கமறியலில். அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை வரும்வரை தவணைக்கு மேல் தவணை. பாவித்தவனாக உள்ளே போனவன் விற்கிறவர்களின் தொலைபேசி இலக்கத்தோடு வெளியே வருகிறான். 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம், பிணை கொடுப்பதே விதி, மறுப்பது விலக்கு என்று சொல்கிறது. கொள்ளளவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் நிரம்பிய சிறைகளில், தண்டனை பெறாத விளக்கமறியல்காரர்கள் அவ்வளவு பேர் இருப்பதைப் பார்த்தால், எது விதி எது விலக்கு என்று கேட்கத் தோன்றுகிறது. 2020 நவம்பரில் மகர சிறையில் 11 பேர் செத்தது கொரோனாக் காலத்து நெரிசலுக்குள் வெடித்த கலவரத்தில். கந்தகாடு போன்ற புனர்வாழ்வு முகாம்களுக்குக் கூட்டமாக ஏற்றி அனுப்புவதும் மருந்தாகாது. 2022இல் அங்கிருந்து நூற்றுக்கணக்கில் ஓடினார்களே. ஊருக்குக் கிட்டிய வைத்தியசாலையில் சிகிச்சை, கிழமைக்கு ஒருமுறை அலுவலரிடம் கையெழுத்து, குடும்பத்தின் பொறுப்பு. அப்படி ஒன்று இருந்தால் எங்கள் தாய்மார் பிள்ளையைத் தாங்களே கூட்டிக்கொண்டு வருவார்கள்.

வெளியே வந்தவர்களையும் பார்த்துவிடுங்கள். எங்கள் ஊரில் ஒரு மனிதர் தண்டனை முடிந்து வந்து வருடங்களாகிறது. கோழி களவு போனாலும் பொலிஸ் முதலில் தேடுவது அவரைத்தான். பெயர் ஐ.ஆர்.சி. என்கிற, மீண்டும் மீண்டும் தண்டனை பெற்றவர்களின் பொலிஸ் பட்டியலில் இருக்கிறது. வேலை கொடுத்த முதலாளி இரண்டு தடவை பொறுத்தார், மூன்றாம் தடவை வேண்டாம் என்றுவிட்டார். நன்னடத்தைக் கட்டளைச் சட்டம் 1944இலேயே வந்தது. ஆனால் நன்னடத்தை அலுவலர்கள் பெரும்பாலும் சிறுவர் விடயங்களையே பார்க்கிறார்கள். அதற்கே அவர்களுக்கு ஆள் போதாது. அந்தப் பொறுப்பு மாகாண சபையுடையது, கிழக்கில் 2017க்குப் பிறகு மக்கள் தெரிவு செய்த மாகாண சபையே இல்லை. பரோல் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, வெளியே வந்தவரைச் சந்திக்கப் பொலிஸ்காரரை மட்டும் அனுப்புவீர்கள் என்றால் அந்தச் சட்டம் வேண்டாம். மேற்பார்வைக்குத் தமிழ் பேசும், ஊர் தெரிந்த, பொலிஸ் சீருடை இல்லாத அலுவலர் வேண்டும். அடையாள அட்டை எடுப்பதிலிருந்து வேலை தேடுவது வரைக்கும் கூட நிற்பவராக இருக்க வேண்டும்.

ஆகவே நான் கேட்பவை இவை. முன்கூட்டிய விடுதலைக்கும் தற்காலிக விடுப்புக்கும் ஒரு தனிச் சட்டத்தைப் பாராளுமன்றத்துக்குக் கொண்டுவாருங்கள். வரைவை மூன்று மொழியிலும் வெளியிட்டு, மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கைதிகளின் குடும்பங்களையும் பாதிக்கப்பட்டவர்களின் குடும்பங்களையும் தனித்தனியே கூப்பிட்டுக் கேளுங்கள். எந்த முடிவும் காரணத்தோடு, கைதியின் மொழியில், குறித்த நாட்களுக்குள் எழுத்தில் வர வேண்டும். மேன்முறையீட்டுக்கு வழி இருக்க வேண்டும். ஊரில் எதிர்ப்பு என்று எழுதுகிற அறிக்கையில் யாரைக் கேட்டார்கள், என்றைக்குக் கேட்டார்கள் என்று இருக்க வேண்டும். அது இல்லாத அறிக்கையைச் சபை திருப்பி அனுப்ப வேண்டும். பெற்றோர், துணை, பிள்ளை சாகக் கிடக்கையில் போய்வரும் அனுமதியை 24 மணிநேரத்துக்குள் தீர்மானிக்கும் அதிகாரத்தை அந்தந்தச் சிறை அத்தியட்சகருக்கே கொடுங்கள்.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாதவையும் உண்டு. தண்டப் பணம் கட்ட முடியாமல் இன்றைக்கு மட்டக்களப்புச் சிறையில் இருப்பவர்களின் பட்டியலை எடுத்து, சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளைக்குத் தகுதியானவர்களை நீதிமன்றத்தின் முன் கொண்டுவாருங்கள். அந்தத் திணைக்களத்துக்கு இரண்டு மாவட்டங்களிலும் போதிய தமிழ் பேசும் அலுவலர்களை நியமியுங்கள். கிழக்கைச் சேர்ந்த கைதிகளில் இடமாற்றம் கேட்டவர்களை வீட்டுக்குக் கிட்டிய சிறைக்கு மாற்றுங்கள். மன்னிப்புப் பட்டியல் ஒவ்வொன்றையும், என்ன அடிப்படையில் தெரிவு என்பதோடு, விடுதலைக்கு முன்னரே வெளியிடுங்கள்.

என் தம்பிக்குத் தனிச் சலுகை எதுவும் கேட்கவில்லை. அவனுடைய கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத் தமிழில் தாருங்கள். அதற்கு நாங்கள் பதில் சொல்ல ஒரு திகதி தாருங்கள். அதே திகதியில் அந்தத் தாயையும் கூப்பிட்டு, அவ சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கைதியின் அக்கா,
திருக்கோவில், அம்பாறை மாவட்டம்.